பூக்கல் என்று கேட்டாள்

காரைக்குடி,
ஞாயிறு மாலை.

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குச் சுகப்பிரசவம், தாயும் சேயும் நலம் என்று படித்ததும் கொப்புடையம்மன் கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். பேத்திக்குப் பெயர் வைத்ததும் எழுது.

பள்ளி நூலகத்தைக் கணினியில் ஏற்றுவது எதுவரை வந்தது என்று கேட்டிருந்தாய். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆடி மாதத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். அவளுடைய அப்பா ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் செய்கிறார். கண்ணாடிமேல் அச்சை வைத்துச் சாயம் ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் இட்டு, சூளையில் சுடாமலே காயவைத்து எடுக்கிறார்களே, அந்தத் தொழில். "பூக்கல் பற்றிப் புத்தகம் இருக்கிறதா, டீச்சர்?" என்றாள். வரவுப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து அலமாரியைத் தூசி தட்டும்போது ஒரு பழைய விழா மலர் கையில் கிடைத்தது. உள்ளே அதே தொழிலைப் பற்றி ஏழு பக்கக் கட்டுரை, படங்களோடு! பதிவேட்டில் அதற்கு எதிரே 'மலர்' என்ற ஒரே சொல்தான் இருந்தது. எழுதியவள் நான்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-லேயே எழுதி வைத்ததை நாம் தேர்வுக்கு உருப்போட்டோமே, நினைவிருக்கிறதா?

முதலில் கோஹாவைப் பார்த்தேன். நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காக உருவாக்கி உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்த மென்பொருள். மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்கு அன்பளிப்பு என்று பொருளாம். அருமையான பொருள்தான். ஆனால் அதை நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டும். மூவாயிரம் புத்தகமும் நான் ஒருத்தியும் இருக்கிற இடத்துக்கு இப்போதைக்கு அது பெரிது. அதனால் கூகுள் விரிதாளில் தொடங்கினேன். எண், ஆசிரியர், தலைப்பு, அலமாரி என்று வழக்கமான பத்திகளோடு புதிதாக ஒன்று சேர்த்தேன்: 'பிள்ளைகள் கேட்கும் சொல்'. என் உழைப்பில் பாதி அந்தப் பத்திக்குத்தான் போகிறது. ஒரு பிள்ளை என்ன சொல்லிக் கேட்டதோ, அதை அப்படியே எழுதுகிறேன். கைவினை என்று நாம் வகைப்படுத்திய நூலுக்கு எதிரே ஓலைக் கொட்டான், மரவேலை எல்லாம் வருகின்றன. மலர்களின் உள்ளே இருக்கும் கட்டுரைகளுக்கும் தனித்தனி வரி போடுகிறேன். இங்கே ஆச்சிமார் சீர்ப் பாத்திரம் ஒவ்வொன்றிலும் விலாசம் வெட்டி வைத்திருப்பார்கள் அல்லவா? கரண்டியைக்கூட விடமாட்டார்கள். அந்தக் கவனம் எனக்கும் வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தட்டச்சு செய்கிறேன்.

முன்பு யாரோ பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்த எண்ணூறு வரிகள் புதிய கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தன. எல்லாக் கணினியும் படிக்கும் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே தேட முடிந்தது. உன் பள்ளியிலும் பழைய கோப்பு இருந்தால் முதலில் இதைப் பார்.

ஒரு விபத்தும் நடந்தது. எல்லாரும் சேர்ந்து நிரப்பட்டுமே என்று ஆசிரியர்கள் அனைவருக்கும் திருத்தும் உரிமை கொடுத்துவிட்டேன். ஒருவர் நூலாசிரியர் பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசைப்படுத்திவிட்டார். மறுநாள் திறந்தால் பாரதியார் கணித நூல் எழுதியிருக்கிறார்! கை நடுங்கிவிட்டது. நல்லவேளை, முந்தைய வடிவங்கள் சேமிப்பில் இருந்தன; முதல் நாள் நிலைக்கு மீட்டேன். இப்போது பார்க்கும் உரிமை எல்லாருக்கும், திருத்தும் உரிமை இருவருக்கு மட்டும். யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள் என்ற கணக்கு இந்தத் தாளில் இல்லவே இல்லை. அது என் மேசை நோட்டில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். ஒரு பிள்ளை எதைப் படிக்கிறது என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை.

டெலிசியஸ் தளத்தில் நாம் இருவரும் குறிச்சொல் போட்டுச் சுட்டிகள் சேர்த்தோமே! 2017-ல் அது கைமாறி, புதிதாக எதையும் சேர்க்க முடியாமல் போனபோது நீ எவ்வளவு வருந்தினாய். அதை மனத்தில் வைத்து வெள்ளிக்கிழமைதோறும் முழுத் தாளையும் இறக்கிப் பென் டிரைவில் போட்டுவிடுகிறேன். இணையத்தில் தமிழ் நூல்களை இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம் ஆகியவற்றின் சுட்டிகளும் அதே தாளில்தான் இருக்கின்றன. அலமாரி ஓரத்தில் க்யூஆர் குறியீடு ஒட்டியிருக்கிறேன்.

போன வாரம் கோட்டையூர் வழியாகப் பஸ்ஸில் போனேன். ரோஜா முத்தையா அந்த ஊரில் இருந்துகொண்டு ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால் அந்தச் சேகரிப்பு சிதறாமல் சென்னையில் நூலகமாக நிற்கிறது. துண்டறிக்கையைக்கூட வேண்டாம் என்று தள்ளாத மனிதர். என் அலமாரியில் இன்னும் நாற்பது மலர்கள் பிரிக்காமல் கிடக்கின்றன. பொங்கல் விடுமுறைக்குள் முடித்துவிட வேண்டும்.

பூக்கல் கேட்ட அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கட்டுரையைக் கொடுத்தேன். அப்பாவுக்குப் படித்துக் காட்டிவிட்டு, சாயம் கலக்கும் அளவு இரண்டு இடத்தில் தவறாக இருக்கிறது என்று அவர் சொன்னதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். அந்தத் தாளுக்கும் ஒரு வரவு எண் போட்டிருக்கிறேன்.

சுட்டியை உனக்கு அனுப்புகிறேன். பூக்கல் என்று தேடிப் பார். இரண்டு வரி வரும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி