அப்பா கேட்ட கச்சேரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் அந்தக் காலத்துப் பாட்டு நட்சத்திரம் எம்.கே. தியாகராஜ பாகவதரைப் பற்றி வந்த கட்டுரையை மூன்று தடவை படித்தேன். அவர் பெயரை எங்கே பார்த்தாலும் நின்று படிக்கிற ஆள் நான். அதில் ஒரு சம்பவம் வருகிறது. அவர் போன ரயிலை ஜனங்கள் மறித்து, ஒரு பாட்டாவது பாடினால்தான் வழிவிடுவோம் என்றார்களாம். கார்டும் பச்சைக் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டாராம். அருமையான காட்சிதான். ஆனால் எந்த ஸ்டேஷன், எந்த வருஷம், யார் பார்த்துச் சொன்னது என்று ஒரு வார்த்தை இல்லை. என் குறை அதுதான்.

பழைய நடிகர் நடிகைகளின் கதைகளைச் சேர்க்கிற பைத்தியம் எனக்குப் பள்ளிக்கூட நாளிலேயே பிடித்துவிட்டது. அம்மாவின் டிரங்குப் பெட்டியில் சினிமா பாட்டுப் புத்தகங்கள் ஒரு கட்டு இருந்தன. பழுப்பேறிய தாள், நடுவில் துருப்பிடித்த பின். முதல் பக்கத்தில் நடிகர்கள் பட்டியல், அடுத்து கதைச் சுருக்கம், அப்புறம் பாட்டுகள். மனப்பாடமான பாட்டுக்குப் பக்கத்தில் அம்மா பென்சிலால் ஒரு சின்ன டிக் போட்டிருப்பாள். கதாநாயகி காட்டில் மயங்கி விழுகிற இடத்தில் சுருக்கம் பட்டென்று நின்று, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும்.

அந்த வரி இப்போது என்னைச் சிரிக்க விடுவதில்லை. முப்பதுகளில் வந்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை இன்று கிடையாது. அந்தக் காலத்துப் படச்சுருளான நைட்ரேட் பிலிம் தானாகவே மக்கும், தீப்பிடித்தால் அணைக்க முடியாது. தப்பித்ததையும் அதிலிருக்கும் வெள்ளிக்காக உருக்கித் தீர்த்தார்கள். 1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்த ‘காளிதாஸ்’ நம் முதல் பேசும் படம். கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்ன படம். அதற்கும் பிரதி இல்லை. விளம்பரம், விமர்சனம், பாட்டுப் புத்தகம், யாரோ சொன்ன கதை, இவ்வளவுதான் மிச்சம். அதனால்தான் கதையை யார் சொன்னார் என்பது எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படுகிறது.

என்னிடம் பதினேழு நோட்டுகள் இருக்கின்றன. இடது பக்கம் கதை. வலது பக்கம் யார் சொன்னார், நேரில் பார்த்தாரா, கேள்விப்பட்டாரா, தேதி ஒத்துவருகிறதா. வலது பக்கம் பெரும்பாலும் காலிதான்! நடிகர் பி.யு. சின்னப்பா புதுக்கோட்டையில் வீடு வீடாக வாங்கித் தள்ள, இனி ஒரு வீடும் வாங்கக் கூடாது என்று மகாராஜாவே தடை போட்டார் என்ற கதையை எத்தனை பேர் வாயிலிருந்தோ எழுதியிருக்கிறேன். ஒருவர் கணக்கில் அறுபது வீடு, இன்னொருவருக்கு நூறைத் தாண்டிவிட்டது. எந்தக் கதையிலும் வீடு குறைந்ததே இல்லை.

‘ஹரிதாஸ்’ சங்கதியும் அப்படித்தான். 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகள் கண்ட படம். எத்தனை வாரம் என்றால் ஆளுக்கொரு கணக்கு. இரண்டு வருஷத்துக்கே 104 வாரம் ஆகிறதே, அதற்குக் கீழே சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தபோதே அதன் நாயகன் பாகவதர் சிறைக்குப் போய்விட்டார். லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் வேப்பேரியில் குத்தப்பட்டு இறந்தார். அந்தக் கொலை வழக்கில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள், தண்டனை பெற்றார்கள். மேல்முறையீடு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில்தான் விடுதலை. இந்த லட்சுமிகாந்தன் யார்? நட்சத்திரங்களின் அந்தரங்கம் என்று சொல்லி எழுதிப் பத்திரிகை நடத்தியவர். அவரும் ஒரு வகையில் கதை சேர்த்தவர்தான் என்று நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் கூசும். அதனால் படுக்கையறைக் கதைகளை, சொன்னவர் யாராக இருந்தாலும், நோட்டில் ஏற்றுவதில்லை.

இனி என் வீட்டுச் சங்கதி. சின்ன வயதில் ஒரு கோயில் திருவிழாவில் பாகவதர் கச்சேரியைக் கேட்டதாக அப்பா சொல்வார். கூட்டத்தில் நிற்க இடமில்லாமல் புளியமரத்தில் ஏறி உட்கார்ந்தாராம். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கடுக்கன் மின்னியதாம். இறங்கும்போது தொடையில் சிராய்ப்பு. எந்த வருஷம் என்றால் யோசிக்கவே மாட்டார். “46. உங்க தாத்தா போன வருஷம்டா, மறக்குமா?” 1946 முழுக்கப் பாகவதர் சிறையில் இருந்தார் என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது. நோட்டை எடுத்து வலது பக்கத்தில் ‘அப்பா சொன்னது. 1946. நடந்திருக்க முடியாது’ என்று எழுதினேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேதியைத் திருத்தியிருப்பாரா, அல்லது கச்சேரியையே விட்டிருப்பாரா என்று தெரியாது. கீழே இன்னொரு வரியும் எழுதினேன்: ‘புளியமரம், சிராய்ப்பு இரண்டும் நிஜம் மாதிரி இருக்கிறது.’ அந்தக் கச்சேரி அதற்கு முன்னாலோ பின்னாலோ நடந்திருக்கலாம். பாடியவர் வேறு யாராகவும் இருந்திருக்கலாம்.

ஆகவே கதைகளைப் போடாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தாராளமாகப் போடுங்கள், கூடவே அது எங்கிருந்து வந்தது என்று அரை வரி சேருங்கள். ‘என் பெரியப்பா சொல்லக் கேட்டது’ என்றால்கூடப் போதும். 2016-இல் மறைந்த பிலிம் நியூஸ் ஆனந்தன் படம் படமாக விவரமும் புகைப்படமும் சேர்த்து வைத்தார். அரசாங்கமே வாங்கிக்கொள்ளும் அளவுக்கு அந்தத் தொகுப்புக்கு மதிப்பு இருந்தது. நம்மால் அவ்வளவு முடியாது, சரி. அரை வரி முடியுமே.

அப்புறம் அந்த ரயில். எந்த ஸ்டேஷன் என்று கட்டுரையாளரிடம் கேட்டு அடுத்த இதழில் போட முடியுமா? 1944-க்கு முன்னாலா, 1947-க்குப் பின்னாலா என்று தெரிந்தாலும் சரிதான். இடது பக்கத்தில் கதையை எழுதிவிட்டேன், கார்டின் பச்சைக் கொடி உட்பட.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகன்