கறுப்பு லாட்டின் கணக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் நலம் என்பதில் மகிழ்ச்சி. சாயப்பட்டறையின் சுற்றுச்சூழல் கணக்கு உன் கைக்கு வந்தது அதைவிட நல்ல சேதி. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடிக் கிடந்தபோதே, சாயக் கழிவோடு நொய்யல் ஆற்றில் விட்ட உப்புக்கு என்ன விலை என்று திருப்பூருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த விலையை லாட் (ஒரே தடவையில் சாயமேற்றும் துணி) வாரியாக எழுதுகிறவர்கள் இன்றும் குறைவு.

உன் கணக்குத் தாளில் உறுத்துவது ஒரு இடம்தான். சுத்திகரிப்புச் செலவு முழுவதையும் துணியின் கிலோவால் வகுத்திருக்கிறாய். அப்படிச் செய்தால் கறுப்பின் செலவை வெள்ளை சுமக்கும். 500 கிலோ கறுப்பு லாட்டை எடுத்துக்கொள். கிலோ துணிக்கு 6 லிட்டர் என்ற 1:6 விகிதத்தில் 3,000 லிட்டர் தண்ணீர். சாயம் துணியில் ஏறுவதற்கு லிட்டருக்கு 80 கிராம் வீதம் 240 கிலோ உப்பு. அத்தனையும் கழிவுநீரோடுதான் போகும். துணி எடையில் 5 சதவீதம் போட்டால் சாயம் 25 கிலோ. முக்கால்வாசி பிடித்தாலும் ஆறேகால் கிலோ வீண். வெளுப்பு மட்டும் போகும் வெள்ளை லாட்டுக்கு இந்த உப்பே கிடையாது.

ஆகவே நுண்ணுயிரால் கழிவைச் சிதைக்கும் பயோ தொட்டி, சவ்வு வழியே தண்ணீரை வடிகட்டும் ஆர்.ஓ. இரண்டின் செலவையும் கழிவுநீரின் லிட்டரால் வகு. மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்கும் எவாப்பரேட்டரின் செலவை உப்பின் கிலோவால் வகு. நீராவி அதிகம் குடிப்பது அதுதான். மீட்டெடுத்த உப்புக்கு அந்தந்த ஷேடுக்கே (நிறத்துக்கே) வரவு வை. ஷேட் தவறி மறுபடி சாயமேற்றிய லாட்டைத் தனித் தலைப்பில், அதன் கழிவுநீர்ச் செலவோடு காட்டு. முன்கூட்டியே சிறு துணியில் நிறத்தைச் சோதிக்கும் லேப் டிப்பில் மிச்சம் பிடிப்பது எவ்வளவு நஷ்டம் என்று முதலாளிக்கு அப்போதுதான் புரியும்.

சுத்திகரிப்பில் மிஞ்சி ஷெட்டில் அடுக்கிய சேறும், மறுபடி பயன்படாத கலப்பு உப்பும் மறந்துபோகும். மார்ச் கடைசியில் எடை போட்டு, அகற்றும் செலவுக்கு ஒதுக்கீடு வை. அதை விட்டுவிட்டுக் காட்டும் லாபம் லாபமே இல்லை.

சுத்திகரிப்பு நிலையப் பராமரிப்பை சி.எஸ்.ஆர். (கம்பெனி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடும் கடமை) கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கூடாது. வேறொரு சட்டம் கட்டாயமாக்கிய வேலையையும் வழக்கமான தொழில் வேலையையும் அந்த 2 சதவீதத்தில் விதிகள் ஏற்பதில்லை. வரியிலும் அடி விழும்: சுத்திகரிப்பு தொழில் செலவாகக் கழியும், சி.எஸ்.ஆர். அப்படிக் கழியாது. ஆற்றை அழுக்காக்காமல் இருப்பது கடமை. அதைத் தருமமாக எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

மூன்று மாத லாட் கார்டுகளையும் எவாப்பரேட்டர் மீட்டர் பதிவையும் அனுப்பு. ஷேட் வாரியாகப் பிரித்துப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் நண்பன்