பையின் எடையைச் சீட்டில் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழின் இணைப்பில் கோடைப் பயணத்துக்கான முன்னேற்பாடுகள் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ரயில் முன்பதிவு, மருந்து, உணவு ஆகியவை குறித்து அதில் சொல்லப்பட்டவை பயனுள்ளவை. ஆனால் முதுகுப்பை பற்றிய பத்தியில், 40 லிட்டர் பை ஒன்றை வாங்கிவிட்டால் மலையேற்றத்துக்கும் ஊர்ப் பயணத்துக்கும் அதுவே போதும் என்று எழுதப்பட்டிருந்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கோவையில் 26 ஆண்டுகளாகப் பை தைத்தும் பழுது பார்த்தும் பிழைப்பவன் நான். ஏறக்குறைய அத்தனை ஆண்டுகளாக ஏழு மலை ஏறிப் போக வேண்டிய வெள்ளியங்கிரிக்கும் போய்வருகிறேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்ட சிலவற்றை எழுத அனுமதிக்க வேண்டுகிறேன். பை விற்பதற்காக எழுதுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். புதுப் பை தைப்பதை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகின்றன, இப்போது பழுது வேலை மட்டும்தான்.

பெரிய பையை வாங்கிப் பாதியளவு நிரப்பிக்கொண்டால் போயிற்று என்பது கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் யாரும் பாதியோடு நிறுத்துவதில்லை. இடம் இருக்கிறதே என்று இன்னொரு சட்டை, இன்னொரு பொட்டலம் முறுக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு போர்வை என ஏறிக்கொண்டே போகும். அப்படியே ஒருவர் மன உறுதியோடு பாதியில் நிறுத்தினாலும், உள்ளே இருப்பதெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, இடுப்புக்குக் கீழே தொங்கிப் பின்னுக்கு இழுக்கும். அதைச் சரிக்கட்ட ஏறுபவர் முன்னுக்குக் குனிவார். பூண்டி அடிவாரத்திலிருந்து தொடங்கும் முதல் மலையின் செங்குத்தான படிகளில் அரை மணி நேரம் அப்படிக் குனிந்து ஏறினால் கழுத்தும் இடுப்பும் என்ன பாடுபடும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். வனத்துறை அனுமதிக்கும் பிப்ரவரி முதல் மே வரையிலான மாதங்களில், இரவில் அந்தப் படிகளின் ஓரங்களில் பையைக் கழற்றி வைத்துவிட்டு மூங்கில் தடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். வயதானவர்கள் மட்டுமல்ல, பெரிய பை சுமந்த இளைஞர்களும் அவர்களில் இருப்பார்கள்.

போய்த் திரும்பும் ஒரு நாள் மலையேற்றத்துக்கு என்னதான் வேண்டும்? 2 லிட்டர் தண்ணீர், கட்டுச்சோறு, ஒரு டார்ச், துண்டு, மாத்திரை, மாற்றுச் சட்டை, பிறகு ஒரு ஸ்வெட்டர். ஸ்வெட்டரை அவசியம் சேர்க்கச் சொல்வேன். ஆண்டிச் சுனையில் குளித்துவிட்டு விடியற்காலைக் காற்றில் ஏழாவது மலை ஏறுகிறவர்களின் பல் கிட்டிக்கும். இவ்வளவும் 15 முதல் 18 லிட்டர் பைக்குள் அடங்கும். 10 லிட்டர் போதாது, 20 லிட்டருக்கு மேல் தேவையில்லை.

கொள்ளளவைப் பற்றியாவது கடைகளில் பேசுகிறார்கள். பையின் சொந்த எடையைப் பற்றி யாரும் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. பழுதுக்கு வரும் பைகளைத் தராசில் வைத்துப் பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. பள்ளிப் பை மாதிரியில் வரும், கனத்த ஃபோம் வைத்த, நான்கைந்து அறைகள் உள்ள பை காலியாகவே 800 கிராம், 900 கிராம் இருக்கும். நான் மலைக்குக் கொண்டுபோகும் 17 லிட்டர் நைலான் பை 340 கிராம். வித்தியாசம் அரைக் கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால், கனமான பையைத் தூக்குகிறவர் அரை லிட்டர் தண்ணீரைக் குடிக்க முடியாத வடிவத்தில் சுமந்துகொண்டு போகிறார் என்றுதான் அர்த்தம். பையில் எடை ஏறுவது பெரும்பாலும் துணியால் அன்று. கூடுதல் அறைகள், கூடுதல் ஜிப்புகள், அழகுக்காகத் தொங்கவிட்ட வார்கள், பக்கிள்கள், அட்டை வைத்த அடிப்பாகம், மடிக்கணினிக்கான உறை ஆகியவற்றால்தான். மலையில் மடிக்கணினிக்கு என்ன வேலை?

பையில் தொங்கும் விலைச்சீட்டில் போடப்படும் லிட்டர் கணக்கையும் அப்படியே நம்புவதற்கில்லை. ஓர் ஆண்டு ஆயுதபூஜை முடிந்த மறுநாள், கடையில் மீந்த பொரி மூட்டையாகக் கிடந்தது. ரன்னர் (ஜிப்பைத் திறந்து மூட இழுக்கும் பகுதி) மாற்ற வந்திருந்த ஒரு பையில் 30 லிட்டர் என்று சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. விளையாட்டாக லிட்டர் படியால் பொரியை அளந்து அதில் கொட்டிப் பார்த்தேன். பெரிய அறையும் முன்னறையும் சேர்த்து 21 படியில் நிரம்பிவிட்டது. பக்கத்தில் உள்ள வலைப் பைகளையும் கணக்கில் கொண்டாலும் 23ஐத் தாண்டவில்லை. அது எந்த நிறுவனத்தின் பை என்பது இங்கே தேவையில்லை. அமெரிக்காவில் பையின் கொள்ளளவை அளப்பதற்கு 20 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உருண்டைகளால் நிரப்பிப் பார்க்கும் தரமுறை ஒன்று உண்டு என்பதைப் பின்னாளில் அறிந்தபோது, என் பொரி முறை அவ்வளவு மோசமானதன்று என்று ஆறுதல் அடைந்தேன்.

துணியைப் பொறுத்தவரை, சீட்டில் டெனியர் என்று ஓர் எண் இருக்கும். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுவே அந்த நூலின் டெனியர். சாதாரணப் பள்ளிப் பைகள் பெரும்பாலும் 600 டெனியர் பாலியெஸ்டரில் வருகின்றன. கைக்குள் மடித்து அடக்கும் பைகள் 70 டெனியர் அளவிலோ அதற்கும் குறைந்த நூலிலோ வருகின்றன. மலைக்கும் பயணத்துக்கும் சேர்த்து ஒரே பை என்றால் 210 டெனியர் நைலான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் இந்த எண் நூலின் பருமனைத்தான் சொல்லும், நெசவின் நெருக்கத்தைச் சொல்லாது. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தால் அது கண்ணுக்கே தெரிந்துவிடும். துணியில் சிறு சிறு கட்டங்களாகக் கனத்த நூல் ஓடுவதைப் பார்த்தால் அது ரிப்ஸ்டாப்; முள் பட்டுக் கிழிந்தாலும் கிழிசல் அடுத்த கட்டத்தின் நூலில் போய் நிற்கும். மெல்லிய துணியாக இருந்தால் அதைப் பார்த்து வாங்குவது நல்லது.

உண்மையில் பை துணியில் கிழிவது குறைவு. என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவை, தோளில் மாட்டும் பட்டை பையின் மேல்விளிம்போடு சேரும் இடத்தில் பிய்ந்தவை, அல்லது ஜிப் போனவை. பையின் முழுப் பாரமும் தொங்குவது பட்டையின் அந்த இரண்டு அங்குலத் தையலில்தான். அங்கே ஒரே வரித் தையல் ஓடியிருந்தால் அந்தப் பை ஓராண்டு தாங்கினால் பெரிது. பட்டையின் நுனி துணி மடிப்புக்குள் ஆழமாகப் போயிருக்க வேண்டும். சதுரக் கட்டம் போட்டு அதன் நடுவே பெருக்கல் குறி போலத் தைத்திருக்க வேண்டும், அல்லது ஒரே இடத்தில் நெருக்கமாக முன்னும் பின்னும் அடித்த பார்டாக் தையலாவது இருக்க வேண்டும். இதை நான் பிறரைக் குறை சொல்லிக் கற்கவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நானே தைத்த பையோடு மலையேறி, நான்காவது மலையில் வலது பட்டை கையோடு வந்துவிட, மேல்வேட்டியை அவிழ்த்துப் பையைத் தூளி போலக் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். உடன் வந்தவர்கள் மலை இறங்கும்வரை சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தபோதுதான், பட்டையின் நுனியை அரை அங்குலம்கூட உள்ளே விடாமல் தைத்திருந்தது தெரிந்தது. ஆகவே கடையில் பையைத் திருப்பி, உள்பக்கத்தில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்; வெளியே தெரியாத தையலில்தான் தைத்தவரின் நேர்மை இருக்கிறது.

ஜிப் கெட்டால் பல்லைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் பல் நன்றாகவே இருக்கும். மணலும் தூசியும் அராவி ரன்னரின் வாய் அகன்றுவிடுவதால் அது இரு பக்கப் பல்லையும் சேர்த்துக் கடிக்க மாட்டாமல் போகிறது. மலையில் இப்படி நேர்ந்தால், ரன்னரின் இரு ஓரங்களையும் ஒரு சின்னக் குறட்டால் மெதுவாக அழுத்தினால் வீடு வந்து சேரும்வரை தாங்கும். பிறகு ரன்னரை மட்டும் மாற்றினால் போதும், முழு ஜிப்பையும் பிரிக்க வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை மெழுகுவர்த்தித் துண்டைப் பல்லில் தேய்த்து வருவது நல்ல பழக்கம். 1934ஆம் ஆண்டு டோக்கியோவில் தொடங்கப்பட்ட ஒய்.கே.கே. நிறுவனத்தின் ஜிப் இருந்தால் நல்லதே, ஆனால் அந்த மூன்றெழுத்தைப் பொறித்த போலிகளும் சந்தையில் உண்டு என்பதால், எழுத்தைவிடக் கையை நம்பலாம்: வளைவான இடத்தில் ஒற்றைக் கையால் பத்து முறை இழுத்துப் பாருங்கள், எங்கும் தடுக்கக் கூடாது.

'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி யாரும் மழையில் இறங்க வேண்டாம். துணி நீரைத் தடுத்தாலும், ஊசி போன ஒவ்வொரு துளை வழியாகவும், ஜிப்பின் பற்களுக்கு இடையிலும் தண்ணீர் இறங்கும். துணியின் உள்பக்கம் பூசியிருக்கும் பாலியூரித்தேன் பூச்சும் நம் ஊர்ப் புழுக்கத்தில் நாளடைவில் பிசுபிசுத்து, மாவு போல உதிரும். ஈரப் பையை அப்படியே பரண்மேல் தூக்கிப் போடுபவர்களுக்கு இது விரைவில் நடக்கும். நான் கைக்கொள்ளும் வழி எளியது. கம்பி ஒடிந்த பழைய குடையின் துணியைப் பிரித்து, வாய் சுருக்கும் உள்பை ஒன்று தைத்து வைத்திருக்கிறேன். மாற்றுச் சட்டையும் ஸ்வெட்டரும் அதற்குள் போகும். அதிலும் தையல் வழியே கொஞ்சம் நனையத்தான் செய்யும் என்றாலும், இரண்டு தடுப்பைத் தாண்டி வருவது சில துளிகளே. பிளாஸ்டிக் உறைகளை அடிவாரச் சோதனையில் எடுத்துவிடுவதால் இதுவே தொல்லையில்லாதது.

கைக்குள் மடிக்கும் பைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை வெளியூர்ப் பயணத்தில், பெரிய பெட்டிக்குள் மடித்து வைத்துக்கொண்டு போய், தங்கும் இடத்திலிருந்து வெளியே கிளம்பும்போது விரித்துக்கொள்ள மிகவும் பொருத்தமானவை. பல உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதி என்பதால் அந்த எடைக் குறைவு அங்கே உதவும். மலைக்கு அவை ஆகா. முதுகில் படும் பக்கத்தில் ஒன்றுமே இல்லாததால் தண்ணீர் பாட்டிலின் மூடி முதுகெலும்பில் குத்திக்கொண்டே வரும். வேறு வழியில்லையென்றால் துண்டை நான்காக மடித்து முதுகுப் பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

வாங்கும் முறையைச் சொல்கிறேன். கடைக்குப் போகும்போது 2 லிட்டர் தண்ணீரும் உங்கள் ஸ்வெட்டரும் கொண்டுபோங்கள். காலிப் பை எல்லோர் முதுகிலும் நன்றாகத்தான் இருக்கும். அவற்றை உள்ளே வைத்து மாட்டிக்கொண்டு, கடையில் மாடிப்படி இருந்தால் இரண்டு முறை ஏறி இறங்குங்கள். பையின் அடி இடுப்பெலும்புக்குக் கீழே இறங்கக் கூடாது. பட்டை கழுத்தை அராவக் கூடாது, தோளை விட்டு நழுவவும் கூடாது. நழுவினால் மார்புக்குக் குறுக்கே வரும் சிறு வார் இருக்கிறதா என்று பாருங்கள். பெண்கள், அந்த வாரை மேலும் கீழும் நகர்த்த முடிகிறதா என்பதையும் பார்த்து வாங்குவது நல்லது. சிறு பைகளில் வரும் இடுப்பு வாருக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். உள்ளே விறைப்பான சட்டகம் இல்லாத பையில் அது ஆட்டத்தைக் குறைக்குமே தவிரப் பாரத்தைத் தாங்காது.

2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் கீழ் 40 மலைப்பாதைகள் அறிவிக்கப்பட்டபின், இதுவரை மலையேறியிராத பலர் முதல்முறையாகப் பை வாங்குகிறார்கள். சோப்புக் கட்டியின் உறையில்கூட எடை அச்சிட்டிருக்கிறது. தோளில் நாள்முழுதும் தொங்கப்போகும் பையின் சீட்டில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. காலிப் பையின் எடை கிராமில், அளந்து பார்த்த கொள்ளளவு லிட்டரில், துணியின் டெனியர் ஆகிய மூன்றையும் சீட்டில் அச்சிடப் பை உற்பத்தியாளர்கள் முன்வர வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். தாங்களும் அடுத்த பயண இணைப்பில் பைகளின் வண்ணப் படங்களை வெளியிடும்போது, ஒவ்வொன்றையும் ஒரு தராசில் வைத்து அதன் எடையைப் படத்தின் கீழே குறிப்பிட்டால் பேருதவியாக இருக்கும். தராசு கிடைக்காவிட்டால் என் கடையில் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பை பழுது பார்ப்பவன், கோயம்புத்தூர்.
(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)