வெளியே போய் யாரும் பார்த்ததில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறுவதை மட்டும் குறைத்துக்கொண்டிருக்கிறார். அங்கே நியூசிலாந்தில் மாவோரிப் புத்தாண்டான மத்தாரிக்கி லீவுக்கு டெகாபோ ஏரிக்குப் போகிறோம், ரூம் போட்டாச்சு என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனில் சொல்லலாம் என்றால் பாதியில் "அம்மா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து காரில் மூன்று மணி நேரம் ஆகுமே, மாப்பிள்ளை ஓட்டும்போது இதைப் படி. பேரனுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படி.

முதலில் அவன் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் வீடியோவில் ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, "பாட்டி, இந்த போட்டோவை யார் எடுத்தாங்க?" என்று கேட்டானே, அதற்குள் இங்கே நெட் போய்விட்டது. சுருள் சுருளாகக் கைகளை நீட்டிக்கொண்டு, ஓரத்தில் 'நாம் இங்கே' என்று அம்புக்குறி போட்டிருக்கும் படம், நம் சூரியன் இருக்கும் நட்சத்திரக் கூட்டமான பால்வழியின் படம் அது. யாரும் எடுக்கவில்லை என்று அவனிடம் சொல். அது ஓவியர் வரைந்தது. நம் பால்வழியை வெளியே போய் நின்று பார்த்தவரும் இல்லை, படம் எடுத்த கேமராவும் இல்லை. ரொம்ப தூரம் போயிருப்பது 1977-ல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம். ஒளி ஒரே நாளில் கடந்துவிடும் தூரத்தை அது இத்தனை வருஷம் ஓடி இப்போதுதான் ஒட்டியிருக்கிறது. பால்வழியின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போக ஒளிக்கே சுமார் 1 லட்சம் ஆண்டு ஆகும். அது தட்டையான தட்டு. கனம் சுமார் 1,000 ஒளியாண்டு, அதாவது ஒளி 1,000 ஆண்டில் போகும் தூரம். மேலே ஏறி நின்று பார்க்கலாம் என்றாலும் பல ஆயிரம் ஒளியாண்டு ஏற வேண்டும். ஆகிற காரியமா?

அந்தப் படத்தை வகுப்பில் மாட்டித்தான் நானும் பாடம் எடுத்தேன். ஆனால் இது வரைந்த படம் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். அதற்கப்புறம்தானே சுவாரசியமே ஆரம்பிக்கிறது? வீட்டை விட்டு வெளியே காலெடுத்து வைக்காமல் வீட்டின் வரைபடத்தை எப்படிப் போட்டார்கள்?

தட்டுக்குள் இருந்து பார்க்கும் நமக்குப் பால்வழி ராத்திரி வானத்தில் ஒரு வெள்ளைப் பட்டையாகத்தான் தெரியும். கலிலியோ 1610-ல் அந்தப் பட்டையைத் தொலைநோக்கியில் பார்த்து, அது பாலும் இல்லை மேகமும் இல்லை, தனித்தனியாகத் தெரியாத அளவுக்கு நெருக்கமான நட்சத்திரங்கள் என்று எழுதிவைத்தார். 1785-ல் வில்லியம் ஹெர்ஷல் ஒவ்வொரு திசையிலும் தெரிகிற நட்சத்திரங்களை எண்ணி ஒரு வரைபடமே போட்டார். அதில் சூரியன் கிட்டத்தட்ட நட்டநடுவில் இருந்தது. மார்கழிப் பனியில் நம் தெருவில் நிற்கிறவனுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் நாலு வீடுதான் தெரியும். தெருவுக்கே நடுவில் தான்தான் நிற்கிறோம் என்று நினைத்துக்கொள்வான். ஹெர்ஷலுக்கும் அதே கதைதான். பால்வழித் தட்டு முழுக்கத் தூசியும் வாயுவும் கிடக்கிறது. தூரத்து நட்சத்திர ஒளியை அது விழுங்கிவிடுகிறது. 1930-ல் ராபர்ட் டிரம்ப்ளர்தான் இந்தத் தூசியின் வேலையைக் கணக்குப்போட்டுக் காட்டினார்.

அதற்கு முன்பே, தூசி அவ்வளவாக மறைக்காத வேறு வழி ஒன்றை ஹார்லோ ஷாப்லி பிடித்திருந்தார். லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் பந்தாகத் திரண்டிருக்கும் கோளக் கொத்துகள் உண்டு. அவை தட்டுக்குள் அடங்காமல் மேலும் கீழும் சுற்றுவதால், பலவற்றைத் தூசி மறைப்பதில்லை. நாம் நடுவில் இருந்தால் வானம் முழுக்கச் சமமாக இருக்க வேண்டிய அந்தப் பந்துகள் பெரும்பாலும் ஒரே பக்கம், தனுசு ராசி இருக்கும் திசையில் குவிந்திருப்பதை அவர் கவனித்தார். அவை எதைச் சுற்றிக் குவிந்திருக்கின்றனவோ அதுதான் மையம், நாம் மையத்தில் இல்லை என்று 1918 வாக்கில் சொல்லிவிட்டார். தூரத்தை மட்டும் ரொம்பக் கூட்டிப் போட்டுவிட்டார். இப்போதைய கணக்குப்படி நாம் மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறோம். எனக்கு அந்த மனிதரின் யோசனை ரொம்பப் பிடிக்கும். நட்சத்திரங்களை எண்ணி மாளாது என்றதும், எண்ணக்கூடியது எது என்று தேடிப் போனார் பார்.

சுருள் கைகள் தெரியவந்தது அதற்கும் பிறகு. ஹைட்ரஜன் வாயு 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ரேடியோ அலை விடுகிறது. தூசி அதைத் தடுக்காது. 1951-ல் அதைப் பிடித்தார்கள், அதை வைத்துக் கைகளை வரைய ஆரம்பித்தார்கள். அப்புறம் 2013-ல் ஐரோப்பியர்கள் கையா என்ற செயற்கைக்கோளை அனுப்பினார்கள். 2025 ஜனவரி வரை வேலை பார்த்த அது, கிட்டத்தட்ட 200 கோடி நட்சத்திரங்களின் இடத்தையும் அவற்றில் பெரும்பாலானவற்றின் தூரத்தையும் நகர்வையும் அளந்தது. அதுவே மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் போகாது. பால்வழியில் 10,000 கோடியிலிருந்து 40,000 கோடி நட்சத்திரம் வரை இருக்கலாம் என்கிறார்கள். என்ன இவ்வளவு இழுபறி என்று கேட்பாய். பெரும்பாலானவை சிவப்புக் குள்ளர்கள் என்ற சின்ன நட்சத்திரங்கள், மங்கலோ மங்கல். நமக்கு மிக அருகில் 4.24 ஒளியாண்டில் இருக்கும் பிராக்சிமா சென்டாரியையே வெறும் கண்ணால் பார்க்க முடியாது. நம் கண்ணுக்குத் தெரிகிறவை, மொத்த வானத்தையும் சேர்த்தால் 6,000 சொச்சம். பிரகாசமும் பகட்டும் உள்ளவர்களைத்தான் நாம் பார்க்கிறோம், மற்றவர்கள் எல்லாம் இருட்டில்.

சரி, டெகாபோவில் என்ன பார்ப்பது என்று சொல்கிறேன்.

மத்தாரிக்கி லீவு எப்போதும் தேய்பிறையில்தான் வரும். மாவோரிகளும் நம்மைப் போல நிலாக் கணக்கு வைத்துத்தான் நாள் குறிக்கிறார்கள். அதனால் நடுராத்திரி வரை நிலாத் தொந்தரவு இருக்காது. சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கே வெளியே வந்துவிடு. போனை எடுக்காதே. இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் ஆகும். ஒரு தடவை போனைப் பார்த்தால் அத்தனையும் போச்சு. டார்ச் வேண்டுமென்றால் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள். அங்கே ஜூன், ஜூலை ராத்திரியில் தண்ணீர் உறைகிற குளிர் இருக்கும். பையனுக்கு இரண்டு ஸ்வெட்டர் போடு, குல்லா மறக்காதே.

தலைக்கு மேலே இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டில் அதிக வெளிச்சமானது ஆல்ஃபா சென்டாரி, 4.37 ஒளியாண்டு. பிராக்சிமா அதோடு சேர்ந்த தம்பிதான். இங்கே ஜவ்வாது மலைக்குத் தெற்கே தாழ்வாக, தென்னை மர உயரத்தில் மினுக்கிக்கொண்டு போவதை அங்கே நீ அண்ணாந்து பார்க்கலாம். பக்கத்தில் சிலுவை மாதிரி நான்கு நட்சத்திரங்கள். சிலுவையை ஒட்டிப் பட்டையில் ஓட்டை விழுந்த மாதிரி ஒரு கறுப்புத் திட்டு. அங்கே நட்சத்திரம் இல்லை என்று நினைக்காதே. நான் சொன்ன அந்தத் தூசிதான் அது, மறைத்துக்கொண்டு நிற்கிறது. அந்தக் கறுப்பை இங்கிருந்து நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. நம் தெருவில் வெள்ளை விளக்கு போட்டபின் பட்டையே தெரிவதில்லை, பட்டையில் இருக்கும் ஓட்டை எங்கே தெரியப் போகிறது? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்குக் கூட்டிப் போன காலத்தில் ஆலங்காயம் தாண்டி மலை ஏறியதும் வானம் வேறு மாதிரி ஆகிவிடும். 2.34 மீட்டர் ஆடி வைத்த பெரிய தொலைநோக்கி அங்கே 1986-லிருந்து இருக்கிறது. பிள்ளைகள் அதை விட்டுவிட்டு வெளியே வந்து வானத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இப்போது அடிவாரத்து ஊர்களின் வெளிச்சம் மேலே வரை ஏறிவிட்டது என்று கேள்வி. டெகாபோவைச் சுற்றி அப்படி ஆகவிடாமல் 2012-லிருந்து இருள் வானக் காப்பகமாக வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

பட்டையைப் பிடித்துக்கொண்டு கிழக்கே வந்தால் விருச்சிகம். நடுவில் சிவப்பாக இருப்பது கேட்டை. சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் செவ்வாய்ப் பாதையைத் தாண்டி நிற்கும். அவ்வளவு பெரியதற்கு ஆயுசு கம்மி. எடை கூடக்கூட எரிபொருளை அள்ளி இறைத்து எரிக்கும், சில கோடி ஆண்டுகளில் வெடித்துவிடும். நம் சூரியன் சிக்கனக்காரர். 460 கோடி வயது, இன்னும் அவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பார். கடைசியில் வெள்ளைக் குள்ளனாகச் சுருங்குவார். எவ்வளவு எடை வரை அப்படிச் சுருங்கி நிற்க முடியும் என்பதற்குக் கணக்குப் போட்டவர் நம் சென்னைப் பிரெசிடென்சி காலேஜில் படித்த சந்திரசேகர்தான். 1930-ல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது ஆரம்பித்தது. வழியெல்லாம் வாந்தி எடுக்காமல் கணக்குப் போட்டிருக்கிறார் என்பதே எனக்கு ஆச்சரியம்.

விருச்சிகத்தின் வாலில் மூலம் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் அப்பால் பட்டை தடித்துப் புடைத்துக்கொண்டு தெரியும் பார், அந்தத் திசையில்தான் மையம். அங்கே 40 லட்சம் சூரியன்களின் எடையில் ஒரு கருந்துளை உட்கார்ந்திருக்கிறது. நடுவில் இருக்கும் தூசி காரணமாகக் கண்ணுக்கு ஒன்றும் எட்டாது. அகச்சிவப்பு ஒளியில் வருஷக்கணக்காகப் பார்த்து, ஒரு நட்சத்திரம் அதை 16 ஆண்டுக்கு ஒரு முறை சுற்றுவதைக் கண்டுபிடித்த ரைன்ஹார்ட் கென்ட்செலுக்கும் ஆண்ட்ரியா கெஸ்ஸுக்கும் 2020-ல் நோபல் கிடைத்தது. 2022 மே மாதம் அதன் படமும் வந்தது. பேரனிடம் இதைச் சொல்: உள்ளே இருந்துகொண்டே வீட்டின் நடுமுற்றத்தைப் படம் எடுத்துவிட்டார்கள், இது வரைந்ததில்லை. நாமும் அந்த மையத்தைத்தான் சுற்றுகிறோம், நொடிக்கு 230 கிலோமீட்டர் சுமார் வேகத்தில். ஒரு சுற்றுக்கு 23 கோடி ஆண்டு போல ஆகும். போன சுற்று ஆரம்பித்தபோது டைனோசர்கள் அப்போதுதான் தலைகாட்டிக்கொண்டிருந்தன. இது அவனுக்குப் பிடிக்கும்.

ஏரிக்குப் பக்கத்தில் மவுண்ட் ஜான் என்று ஒரு குன்று, உச்சியில் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தின் வானாய்வகம். அங்கே ஜப்பான்காரர்களோடு சேர்ந்து 1.8 மீட்டர் தொலைநோக்கி ஒன்றை அந்த மையப் பக்கமே திருப்பி வைத்திருக்கிறார்கள். ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் இன்னொன்று குறுக்கே போனால், முன்னால் போவதன் ஈர்ப்பு பின்னால் இருப்பதன் ஒளியை வளைத்துக் கொஞ்ச நாள் பிரகாசமாக்கிக் காட்டும். அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து கண்ணுக்கே தெரியாத கிரகங்களைக் கண்டுபிடிக்கிறார்கள். இடம் கிடைத்தால் குன்றுக்கு ஒரு நடை போய்விட்டு வா.

எனக்கு உன்மேல் பொறாமை வருவது தெற்குப் பக்கத்துக்காகத்தான். அடிவானத்திலிருந்து ஒரு முப்பது டிகிரி உயரத்தில், பட்டையிலிருந்து பிய்ந்துபோன மாதிரி இரண்டு வெள்ளைத் திட்டுகள் இருக்கும். மேகம் என்று நினைத்து விட்டுவிடாதே. மெகல்லன் மேகங்கள் என்று பெயரே தவிர, அவை நம் பால்வழியோடு ஒட்டியிருக்கும் இரண்டு குட்டிப் பால்வழிகள், பெரியது 1.6 லட்சம் ஒளியாண்டு, சின்னது 2 லட்சம். உனக்கு அவை வருஷம் முழுக்க மறைவதே இல்லை. இங்கே பெரியது ஏழெட்டு டிகிரிதான் ஏறும், அந்த உயரத்தில் புழுதிதான் தெரியும்.

அந்தச் சின்னத் திட்டு இல்லையென்றால் நமக்கு அண்டத்தின் அளவே பிடிபட்டிருக்காது. ஹார்வர்டில் புகைப்படத் தகடுகளைப் பார்த்து எண் எழுதும் வேலைக்கு வைத்திருந்த ஹென்ரியெட்டா லெவிட் என்ற அம்மா, அதிலிருந்து 25 நட்சத்திரங்களை எடுத்துக்கொண்டார். பிரகாசம் கூடிக் குறைந்து துடிக்கிற ரகம். எல்லாம் ஒரே திட்டில் இருப்பதால் தூரம் ஏறக்குறைய ஒன்றே. மெதுவாகத் துடிப்பது அதிகப் பிரகாசம் என்று 1912-ல் காட்டினார். துடிப்பை அளந்தால் உண்மையான பிரகாசம் தெரியும், அதை வைத்துத் தூரம் தெரியும். 1923-ல் எட்வின் ஹப்பிள் ஆந்திரோமீடா என்ற மங்கலான திட்டில் அதே ரக நட்சத்திரத்தைப் பிடித்தார். அது நம் பால்வழிக்குள் இருக்கவே முடியாத தூரம், அதாவது அந்தத் திட்டு இன்னொரு பால்வழி. அதுவரை பால்வழியே மொத்த அண்டம் என்று நம்பியவர்களில் நம் ஷாப்லியும் ஒருவர்.

பெரிய திட்டில் 1987 பிப்ரவரியில் ஒரு நட்சத்திரம் வெடித்தது. அதை முதலில் பார்த்தவர் சிலியில் இருந்தார். சில மணி நேரத்தில் அதைத் தானாகவே கண்டுபிடித்தவர் உங்கள் நெல்சன் ஊர்க்காரர் ஆல்பர்ட் ஜோன்ஸ். வானியல் அவருக்குச் சம்பள வேலை இல்லை. ஆனாலும் நட்சத்திரங்களின் பிரகாசத்தை ஆயுளில் 5 லட்சம் தடவைக்கு மேல் கண்ணால் பார்த்துக் குறித்து வைத்தவர்.

விடியற்காலை ஆறு, ஆறரைக்கு எழுந்தால் வடகிழக்கில் மத்தாரிக்கி, அதாவது நம் கார்த்திகை. 440 ஒளியாண்டு. ராத்திரி முழுக்க விழித்த பிள்ளையை அதற்காக எழுப்பாதே, நீ மட்டும் பார்.

ஆந்திரோமீடா உனக்கு அங்கே சரியாகத் தெரியாது, அடிவானத்தை விட்டு நாலைந்து டிகிரிதான் எழும்பும். அது எங்கள் பக்கத்துச் சொத்து. டிசம்பரில் ராத்திரி எட்டு மணிக்கு இங்கே உச்சிக்கு வடக்கே இருக்கும், 25 லட்சம் ஒளியாண்டு. பைனாகுலரில் நன்றாகத் தெரியும். நம் மாடியிலிருந்து கஷ்டம். மலைப் பக்கம் அழைத்துப் போகிறேன், அப்பாவைக் காரிலேயே உட்கார வைத்துவிடலாம். டிக்கெட் போடும் முன் ஒரு வார்த்தை சொல், காலண்டரில் அமாவாசை எப்போது என்று பார்த்துச் சொல்கிறேன். அதற்குத் தகுந்த மாதிரி லீவு எழுதிக் கொடு.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பேரனுக்கு முத்தம்.

அன்புடன்,
அம்மா