22,000 ரூபாய் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லாரி ஓட்டுநர் பற்றாக்குறை பற்றிப் போன ஞாயிறு உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதன் நடுவில் ஒரு வாக்கியம்: "மாதச் சம்பளம் 21 ஆயிரத்தைத் தாண்டினால் புதிய ஓட்டுநர்கள் வருமான வரிக்குள் வந்துவிடுகிறார்கள், கைக்கு வரும் பணம் குறைகிறது." எழுதியவர் யாரிடம் விசாரித்தாரோ எனக்குத் தெரியாது. ஆனால் மறுநாள் காலையே அந்தப் பக்கம் என் மகன் வேலை பார்க்கும் ஷெட்டில், முதலாளியின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டது.

மகன் ஹெவி லைசென்ஸ் எடுத்து வண்டி ஏறி நாலு மாதம்தான் ஆகிறது. முதல் மாதம் அவன் கொண்டுவந்த துண்டுச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சம்பளம் 22,000. டேக்ஸ் 2,200. டயர் 1,500. ஷார்ட்டேஜ் 800. அட்வான்ஸ் 5,000. கைக்கு 12,500. பேனாவால் எழுதி, கீழே ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். டயர் தேய்மானத்துக்கும், ஷார்ட்டேஜ் என்று லோடில் குறைந்த சரக்குக்கும் பிடிப்பது எனக்குப் புதிதல்ல, 27 வருடம் வண்டி ஓட்டியவன் நான். ஆனால் டேக்ஸ் என்று என் சம்பளத்தில் யாரும் கை வைத்ததில்லை.

தாங்கள் அறியாததல்ல. 2025-26 கணக்குப்படி புதிய வரி முறையில் 4 லட்சம் வரைக்கும் வரியே இல்லை. மாதம் 22,000 என்றால் வருடத்துக்கு 2,64,000. சம்பளக்காரருக்கு நிலையான கழிவு 75,000 வேறு இருக்கிறது. 4 லட்சத்துக்கு மேல் 8 லட்சம் வரை 5 சதவீதம் என்பதும், 4 லட்சத்தைத் தாண்டிய பணத்துக்கு மட்டும்தான், மொத்தச் சம்பளத்துக்கும் இல்லை. வருட வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் அந்த வரியும் தள்ளுபடி ஆகிவிடும். அதாவது மாதம் ஒரு லட்சம் வாங்கும் ஓட்டுநர்கூட வரி கட்ட வேண்டியதில்லை. பழைய முறையின் இரண்டரை லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து 21 ஆயிரம் என்று எழுதியிருப்பார்கள் என நினைக்கிறேன். அந்த முறையிலும் 5 லட்சம் வரை தள்ளுபடி உண்டே, அய்யா.

மூன்று மாதம் பிடித்தது 6,600 ரூபாய். அரசாங்கத்துக்குப் போயிருந்தால் அவன் பான் எண்ணில் ஏறியிருக்க வேண்டும், ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். புதுச்சேரியில் தெரிந்த ஆடிட்டர் ஒருவரிடம் போய்ப் பார்த்தோம். ஒரு பைசா ஏறவில்லை. மகனிடம் பான் கார்டே யாரும் கேட்கவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. கேட்கப் போனால் முதலாளி மேசைக் கண்ணாடியைத் தட்டிக் காட்டுகிறார், "பேப்பர்லயே போட்டிருக்கு பாரு" என்று.

அதைவிட எனக்கு வலித்தது இன்னொன்று. போன வாரம் ராய்ப்பூர் லோடு ஒன்று வந்தது. நல்ல பேட்டா. பையன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். "சம்பளம் ஏறினா வரியும் ஏறும்பா, கைக்கு இன்னும் குறைஞ்சிடும்" என்கிறான். கடன் வாங்கி டிரைவிங் ஸ்கூலுக்குக் கட்டினோம். கூலி கூடினால் நஷ்டம் என்று அந்தப் பிள்ளையை நம்ப வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் பத்திரிகையில் எங்களைப் பற்றி வருவது எப்போதுமே இப்படித்தான் இருக்கிறது. விபத்து என்றால் "டிரைவர் தப்பி ஓட்டம்". ஸ்டிரைக் என்றால் காய்கறி விலை ஏறும். 2024 ஜனவரியில், விபத்து நடந்து ஓட்டுநர் தப்பி ஓடினால் பத்து வருடம் வரை சிறை என்ற சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தினார்கள். அன்றும் நீங்கள் போட்டது பெட்ரோல் பங்க் வரிசைப் படம். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்கு அப்புறம் எங்கள் கடலூர் இருட்டாகக் கிடந்தபோது மின்கம்பம் ஏற்றிக்கொண்டு வந்தவர்களில் நானும் ஒருவன். விழுந்த மரங்களுக்கு நடுவே வண்டியை நுழைத்து, பல் விளக்கக்கூட நேரமில்லாமல் மூன்று நாள். அதை நீங்கள் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை. உங்கள் பேப்பரை நிறுத்தவும் இல்லை. முப்பது வருடமாக வாங்குகிறேன்.

நான் கேட்பது சின்ன விஷயம்தான். அந்த வாக்கியம் தவறு என்று, அது வந்த அதே பக்கத்தில் போடுங்கள். கூடவே வரி அடுக்குகளை நாலு விரல் அகலத்துக்கு ஒரு கட்டம் கட்டி, 22 ஆயிரத்துக்கும் 35 ஆயிரத்துக்கும் எவ்வளவு வரி என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். சம்பளத்தில் வரி பிடித்தால் அதற்கு முதலாளி சான்றிதழ் தர வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள். நான் எடுத்துச் சொன்னால் அந்த முதலாளி நம்ப மாட்டார். உங்கள் பேப்பரில் வந்தால் அதையும் கத்தரித்து அதே மேசைக்குக் கொண்டுபோகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர்,
கடலூர் முதுநகர்.