கொள்ளுக் கஞ்சி

குராய்டன்,
8-3-2026

ஏட்டி காந்தி,

நலம், நலமறிய ஆவல், எல்லாம் கேட்டதா வச்சுக்கோ. நேத்து உன் மக போன் பண்ணினா. நீ புது பஸ் ஸ்டாண்டுல தலை சுத்தி உட்கார்ந்ததையும், டீக்கடைக்காரர் சீனித் தண்ணி குடுத்ததையும், ஆஸ்பத்திரியில குத்திப் பார்த்தப்ப சர்க்கரை 52-ன்னு காட்டினதையும் சொன்னா. "ரெண்டு மாசமா அம்மா கொள்ளுக் கஞ்சியத் தவிர வேற எதையும் தொடுறதில்ல சித்தி. என் கல்யாணத்துக்குள்ள மெலியணுமாம். நீங்க அப்படித்தான் மெலிஞ்சியளாம்லா" என்றாள். அந்தப் பிள்ளை என்னைக் குறை சொல்லலை. சொல்லியிருந்தா கொஞ்சம் தேவலை. ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டே கிடந்தேன்.

நான் கொள்ளு குடிக்கலை, காந்தி. காலையில அஞ்சு கிலோமீட்டர் நடக்கவும் இல்லை. போன அக்டோபர்ல இஸ்தான்புல் போய் வயித்தை அறுத்துக்கிட்டு வந்தேன். இரைப்பையில முக்காலுக்கு மேல வெட்டி எடுத்தாச்சு. மிச்சம் இருக்கிறது ஒரு வாழைப்பழம் கணக்கா ஒரு குழாய். 'பள்ளிக்கூட லீவு, சும்மா சுத்திப் பார்க்கப் போறோம்'னு சொன்னது பொய். கடல் பக்கத்துல நின்னு ஒரு படம் அனுப்பினேனே, 'என்னட்டி, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்க?'ன்னு கேட்டியே, அது குளிருக்குப் பிடிச்சது இல்லை.

திட்டுறதுக்கு முன்னால ஒண்ணு கேளு. உன் மக உன் சர்க்கரை மாத்திரை அட்டையைப் படம் எடுத்து அனுப்பினா. அதுல கிளிமிபிரைடு இருக்கு. நீ சாப்பிட்டியா பட்டினியான்னு அந்த மாத்திரைக்குத் தெரியாது, அது பாட்டுக்கு இன்சுலினைச் சுரக்க வச்சுக்கிட்டே இருக்கும். ஒரு டம்ளர் கஞ்சியக் குடிச்சுட்டு அதைப் போட்டா சர்க்கரை அதல பாதாளத்துக்குத்தான் போகும். நாளைக்கே டாக்டர்கிட்டப் போய் கொள்ளுக் கதை முழுசையும் சொல்லு. 'லண்டன்ல இருந்து ஒரு கழுதை சொல்லுச்சு'ன்னு சொன்னாலும் சரி. நீயா மாத்திரையை நிறுத்தாதே, நேரத்துக்குச் சாப்பிடு, பையில குளுக்கோஸ் வச்சுக்கோ. இதுக்கு மேல இந்தக் கடிதத்தைப் படிக்காட்டியும் பரவாயில்லை.

ஏன் பொய் சொன்னேன்? புது வருஷத்துப் படத்தைப் பார்த்துட்டு குரூப்ல எல்லாரும் கேட்டப்ப, வாயில முதல்ல வந்தது எங்க ஆச்சிதான். 'இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு'ன்னு வாரத்துக்கு நாலு தரம் என்னைப் பார்த்துச் சொன்னவ. அறுத்துக்கிட்டேன்னு சொன்னா மைனி என்ன சொல்லுவான்னு உனக்கே தெரியும். 'வாயைக் கட்டத் தெரியாம கத்தியத் தேடிப் போயிட்டா.' ஒம்பதாங் கிளாஸ்ல கண்டக்டர் 'ரெண்டு டிக்கெட்டா'ன்னு கேட்டப்ப நீதான் சண்டைக்குப் போனே. இன்னைக்கு வரைக்கும் நான் அந்த பஸ்ஸுலதான் இருக்கேன்.

அறுக்குறதுக்கு முன்னால 104 கிலோ. உயரத்துக்கும் எடைக்கும் பொருத்தம் பார்க்கிற பி.எம்.ஐ. கணக்கு 41-க்கு மேல. இங்க 40-ன்னா ஆபரேஷனுக்குத் தகுதி. நம்ம ஊர்க்காரங்களுக்கு அதுலயும் ரெண்டரை கழிவு உண்டு, சர்க்கரையும் நெஞ்சுவலியும் நமக்குக் கம்மி எடையிலேயே வந்துருதாம். நான் பாஸ் மார்க்குக்கு மேல வாங்கின ஒரே பரீட்சை இதுதான். ஆனா பாஸானா மட்டும் போதாது. மாசக்கணக்குல உணவு கிளினிக்குக்கு நடக்கணும், சாப்பிட்டதை எல்லாம் நோட்டுல எழுதணும், அதுக்கப்புறம்தான் வரிசை. அந்த வரிசை எப்ப நகரும்னு யாரும் சொல்லலை. மெலியுற ஊசியும் கேட்டேன். முதல் வருஷம் நாலு வியாதியாவது இருக்கிறவங்களுக்குத்தான் இலவசமாம். எனக்கு ரெண்டுதான் இருந்துச்சு. இன்னும் ரெண்டு வியாதி சம்பாதிச்சுட்டு வான்னா எங்க போவேன்? தனியார்ல 10,000 பவுண்டுக்கு மேல கேட்டாங்க. இஸ்தான்புல்லுல ஹோட்டல், கார், மொழிபெயர்க்க ஒரு பொண்ணு எல்லாம் சேர்த்து 3,200.

விலை கம்மின்னு கண்ணை மூடிக்கிட்டுப் போகலை. துருக்கிக்கு வைத்தியத்துக்குப் போய் உயிர் விட்டவங்க இருக்காங்கன்னு இந்த ஊர் வெளியுறவுத்துறையே தன் பயணக் குறிப்புல போட்டிருக்கு. 2023-ல அங்க மெலியுறதுக்காக வயித்துக்குள்ள போட்டாக்ஸ் ஊசி போட்டுக்கிட்ட எத்தனையோ பேருக்கு நரம்பு செயலிழந்து போச்சுன்னும் படிச்சேன். வாட்ஸப்புல ஏஜெண்டுப் பொண்ணுங்க 'மை டியர்', 'மை டியர்'னு தேனா உருகுவாங்க. அறுக்கிற டாக்டர் பேர் என்னன்னு கேட்டா ஹோட்டல் நீச்சல் குளத்துப் படம் வரும். ரெண்டு பேரை அதுக்கே விட்டேன். மூணாவது ஆள் பேரைச் சொன்னா. அந்த ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டு நோயாளிகளைப் பார்க்க துருக்கி சுகாதார அமைச்சகத்தோட அனுமதி இருக்கான்னு தேடிப் பார்த்தேன், இருந்துச்சு. 'இருந்தா போதுமா?'ன்னு அத்தான் கேட்டாவ. போதாதுன்னு பின்னாடி தெரிஞ்சுது.

ஆபரேஷன் அக்டோபர் 28. அதுக்கு முந்தின ரெண்டு வாரம் கல்லீரலைச் சுருக்குற பத்தியம். நம்மள மாதிரி உடம்புல கல்லீரல் கொழுத்துப் போய் இரைப்பை மேல கவுந்து கிடக்குமாம், அதைத் தூக்கி நகர்த்த முடியலைன்னா ஆபரேஷனையே நிறுத்திருவாங்களாம். சோறு இல்லை, சீனி இல்லை, எண்ணெய் இல்லை. நாளைக்கு 800 கலோரி. தீபாவளி நட்ட நடுவுல 20-ஆம் தேதி வந்து நிக்குது! முறுக்கு சுட்டேன், முந்திரிக்கொத்து பிடிச்சேன், ஒண்ணையும் வாயில வைக்கலை. உப்புப் பார்க்க ஒவ்வொரு தடவையும் அத்தானைக் கூப்பிட்டேன். அந்த ரெண்டு வாரத்துல நான் நாலு கிலோ குறைஞ்சேன், அத்தான் ரெண்டு கிலோ ஏறினாவ.

விமான நிலையத்துல நடந்ததைச் சொல்லாட்டி எனக்குத் தலை வெடிச்சிரும். இஸ்தான்புல்லுக்குப் பாதி ஆம்பளைங்க முடி நடத்தான் வாரானுவ. திரும்பிப் போறவன் எல்லாம் தலையில கட்டும், ரத்தப் புள்ளியுமா நாத்து நட்ட வயல் மாதிரி நிப்பான். எங்க டிரைவர் அத்தானை ஒரு பார்வை பார்த்தான். தலையைப் பார்த்தான். பெட்டியத் தூக்கி முடிக்காரங்க வேன்ல வச்சுட்டான். அத்தான் 'நோ, நோ, ஒய்ஃப், ஸ்டமக்'னு கத்துறாவ, அவன் 'நோ பிராப்ளம், டிஸ்கவுண்ட்' என்கிறான்.

அடுத்த நாள் ஒரே ஓட்டம். ரத்தம், இ.சி.ஜி., ஸ்கேன், வாய் வழியா கேமராக் குழாய். டாக்டர் அஞ்சு நிமிஷம் வந்து கையைக் குலுக்கிட்டுப் போனார். கையெழுத்துப் போட்ட தாள்ல பாதி துருக்கி மொழி. மறுநாள் காலையில தள்ளிக்கிட்டுப் போகையில மொழிபெயர்க்கிற பொண்ணு 'கெச்மிஷ் ஓல்சுன்' என்றாள். சீக்காளியப் பார்த்தா அப்படித்தான் சொல்லுவாங்களாம், 'கடந்து போகட்டும்'னு அர்த்தம். எனக்கு ஆச்சி 'சவத்தைத் தள்ளு' என்கிறது மாதிரியே கேட்டுச்சு.

முழிச்சப்ப வயித்துல அஞ்சு ஓட்டை. வலி வயித்துல இல்லை, தோள்பட்டையில! வயித்தை உப்ப வைக்க அடிச்ச வாயு அங்க போய் குத்துமாம். ராத்திரியே எழுப்பி நடக்க விட்டாங்க, காலுல ரத்தம் கட்டக் கூடாதுன்னு. தையல் போட்ட இடம் ஒழுகுதான்னு பார்க்க நீலச் சாயம் கலந்த தண்ணியக் குடிக்கச் சொல்லி, வயித்துல சொருகின குழாய்ப் பையில நீலம் இறங்குதான்னு பார்ப்பாங்க. ராத்திரி பூரா அத்தான் அந்தப் பையவே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாவ, அடுப்புல பால் வச்சவ மாதிரி. இருபத்து மூணு வருஷத்துல அந்த மனுஷன் என்னை அப்படிப் பார்த்துக்கிட்டது அன்னைக்குத்தான்னு சொன்னா நம்புவியா? அதுவும் என்னை இல்லை, பையை.

மூணு நாள் ஆஸ்பத்திரி, நாலு நாள் ஹோட்டல். தொப்புளைச் சுத்தி ரத்தம் உறையாம இருக்க ஊசி, நானே போட்டுக்கிட்டேன். வடிகட்டின சூப்பு, மருந்து அளக்கிற குட்டிக் கப்புல. அங்க ஒரு பருப்புச் சூப்பு உண்டு, சிவப்புப் பருப்புல. வடிகட்டினா நம்ம பருப்புத் தண்ணிதான். அதை ஒரு கப்பு குடிக்க அரை மணி நேரம் ஆச்சு.

குராய்டன் திரும்பி வந்து அஞ்சாவது நாள் ராத்திரி காய்ச்சல் 38.7 செல்சியஸ். படுத்துக் கிடக்கையிலேயே நாடி 124. இடது தோள்ல திரும்பவும் வலி. ஏஜெண்டுக்கு எழுதினேன். 'நார்மல் மை டியர், டிரிங்க் வாட்டர்'னு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பதில், பக்கத்துல ஒரு பூ. நாடி ஓடுறதுதான் ஒழுகலுக்கு முதல் அடையாளம்னு நான் படிச்சிருந்தேன், அதனால பிழைச்சேன். ஆம்புலன்ஸ், சி.டி. ஸ்கேன். ஒழுகல் இல்லை, தையல் பக்கத்துல நீர் கோத்துச் சீழ் பிடிச்சிருக்குன்னாங்க. ஆறு நாள் அட்மிஷன், கை நரம்புல மருந்து. அங்க இருந்த சின்ன டாக்டர், 'என்ன செஞ்சாங்க, எங்க ரிப்போர்ட்?'னு கேட்டார். நான் நீட்டினது ஒரே ஒரு தாள். அவர் திட்டலை. பெருமூச்சு விட்டுட்டு மொழிபெயர்க்கப் போனைத் தூக்கினார். மலிவுன்னு சொன்னேன்லா? அறுக்கிறது மட்டும்தான் மலிவு. இங்க செஞ்சிருந்தா ரெண்டு வருஷம் அவங்களே கூப்பிட்டுப் பார்ப்பாங்க, அதுக்கப்புறமும் வருஷா வருஷம் ரத்தம் பார்க்கணும். எனக்கு அது கிடையாது. விட்டமின் மாத்திரை சாகிற வரைக்கும், பி12 ஊசி மூணு மாசத்துக்கு ஒண்ணு, எல்லாம் கைக்காசு. முடி இப்ப கொத்துக் கொத்தா வருது. அத்தான் 'டிஸ்கவுண்ட் கேட்டுருவோமா?' என்கிறாவ.

எடை 77. முட்டி வலி போச்சு, பிரஷர் மாத்திரையில ஒண்ணு நின்னுச்சு, மாடிப்படி ஏறுறேன். செஞ்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணை யாரும் சொல்லிக் குடுக்கலை, அதை உன்கிட்டத்தான் சொல்ல முடியும்.

எனக்குப் பசிக்கலைட்டி. வெட்டி எடுத்த பாகத்துலதான் பசிக்கான சுரப்பு பெரும்பாலும் ஊறுமாம், அது போயே போச்சு. சாப்பிட போன்ல அலாரம் வச்சிருக்கேன். பகல் பூரா பள்ளிக்கூடத்துல முந்நூறு பிள்ளைகளுக்குப் பரிமாறுறேன், ஏதோ ஆபீஸ் வேலை மாதிரி இருக்கு. அஞ்சாவது வாரம் அரை இட்லி சாப்பிட இருபது நிமிஷம் ஆச்சு. ரெண்டாவது இட்லியப் பிட்டுட்டேன், பழக்கம். நெஞ்சுல கல்லு மாதிரி நின்னு, சிங்க்கைப் பிடிச்சுக்கிட்டு வாயெல்லாம் எச்சில் ஊற நின்னேன். சோறு இன்னும் மாவா ஒட்டுது. சாப்பிடும்போது தண்ணி குடிக்கக் கூடாது, அரை மணி கழிச்சுத்தான். பொங்கலுக்கு அம்மா வீடியோவுல வந்து 'இன்னும் ரெண்டு கரண்டி போடுட்டி' என்கிறா, நான் கேமராவுக்குக் கீழே தட்டை மறைச்சுக்கிட்டு வெறும் வாயை மெல்லுறேன். வயித்துக்கு வேண்டாம். கை மட்டும் பிசையணும்னு நிக்குது. போன வாரம் புளியோதரை கிண்டிட்டு அடுப்பு முன்னால நின்னு அழுதேன், எதுக்குன்னு அத்தானுக்குப் புரியலை. உன் டிபன் பாக்ஸ்ல எனக்கும் சேர்த்து உங்கம்மா வைப்பாவல்லா, அது ஞாபகம் வந்துச்சு. இனிமே யாராவது எனக்குன்னு எடுத்து வச்சா நான் என்ன செய்வேன்?

மே மாசம் கல்யாணத்துக்கு வாறேன், டிக்கெட் போட்டாச்சு. பயமா இருக்கிறது பந்தியை நினைச்சுத்தான். இலையில மிச்சம் வச்சா உங்க மாமா எந்திரிச்சு வந்து நிப்பாவ. 'பிள்ளை வெளிநாடு போய் கெத்தாயிட்டா'ம்பாவ. அதனால பந்தியில என்னை உட்கார வைக்காதே, பரிமாற விடு. மறுவீட்டுச் சொதிக்கு மட்டும் எனக்கு இலை வேண்டாம். அடுக்களையில உன் பக்கத்துல ஒரு சின்னக் கிண்ணம், ரெண்டு கரண்டி சொதி, ஒரு உருளைக்கிழங்குத் துண்டு, தொட்டுக்க இஞ்சிப் பச்சடி. நான் ஒரு மணி நேரம் சாப்பிடுவேன், நீ கூடவே உட்கார்ந்து பேசிக்கிட்டு இரு.

நீ மெலியவெல்லாம் வேண்டாம். ரவிக்கையப் பிரிச்சுத் தைக்கச் சொல்லு, தையல்காரர் இன்னும் இருக்காருல்லா? கோவம் இருந்தா போன்ல திட்டு, குரூப்ல வேண்டாம். மைனிக்கு நானே சொல்லிக்கிறேன்.

டாக்டர்கிட்டப் போயிட்டு வந்து ஒரு வரி எழுது.

உன்
கோமு