பாஸ்தா பெட்டியில் கெட்டுப்போன கிரீம்: ஒரு மாதமாகத் தீராத புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், தருமபுரி.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 16.07.2025

பொருள்: கிரீமி கார்லிக் பாஸ்தா பெட்டியில் கிரீம் கெட்டிருந்தது – நான்கு புகார் எண்கள் வாங்கியும், ஓசூர் வரை அலைந்தும் தீர்வு இல்லை – பணம், விசாரணை, மன்னிப்பு கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயத்தை உங்கள் ஆட்களிடம் இதுவரை 11 தடவை ஃபோனில் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து. ஆர்டர் எண் என்ன சார், பெயர் என்ன சார், என்ன பிரச்சினை சார். இனிமேல் ஃபோனில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

அந்த 649 ரூபாய்ப் பெட்டியில் என்னென்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். பென்னே பாஸ்தாவில் குறை இல்லை. பூண்டு மசாலாத் தூளிலும் குறை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டிருந்தது கிரீம். இரண்டு பாக்கெட்டுமே.

ஜூன் 14, சனிக்கிழமை. மறுநாள் காலையில் என் மகள் பெங்களூரு ஹாஸ்டலுக்குக் கிளம்ப வேண்டும், கல்லூரியில் முதல் வருடம். கடைசி ராத்திரி என்ன வேண்டும் பாப்பா என்று கேட்டதற்கு, "நீங்க செய்ற அந்த பூண்டு சிக்கன் பாஸ்தாப்பா" என்றாள். வீட்டில் சமைப்பது நான்தான். என் மனைவி ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். கம்பெனி பஸ் அவரைக் கொண்டு வந்து இறக்கும்போது ராத்திரி மணி ஒன்பதரை தாண்டிவிடும். உங்கள் பெட்டியை அதற்கு முன் இரண்டு முறை வாங்கி, இரண்டு முறையும் நன்றாகவே செய்திருக்கிறேன். அந்த நம்பிக்கையில்தான் மூன்றாவது தடவையும் உங்கள் சொந்த ஆன்லைன் கடையிலேயே ஆர்டர் போட்டேன்.

நான் எப்படிச் செய்தேன் என்பதை எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் "நீங்க தப்பா செஞ்சிருப்பீங்க சார்" என்று உங்கள் ஆட்கள் மூன்று பேர் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் ஊர் நான்கு ரோடு சந்திப்பில் இருந்து எலும்பில்லாத தொடைக்கறி அரை கிலோ வாங்கி வந்தேன். கழுவி, துணியால் ஈரம் ஒற்றி எடுத்து, உப்பும் மிளகும் தடவி அரை மணி நேரம் வைத்தேன். ஈரம் போகாவிட்டால் கறி வறுபடாது, வெந்துதான் போகும், அது எனக்குத் தெரியும். 4 லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் உப்பு போட்டு 400 கிராம் பாஸ்தாவை வேக வைத்தேன். நடுவில் லேசாகக் கடிபடும் பதத்தில் வடித்து, வடித்த தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து வைத்தேன். அதில் இருக்கும் மாவுச்சத்துதான் சாஸைப் பிடித்து வைக்கும். வெண்ணெயும் கொஞ்சம் எண்ணெயும் விட்டுக் கறியை இரண்டு பக்கமும் பொன்னிறமாக வறுத்துத் தனியே எடுத்தேன். அதே வாணலியில், அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிவிட்டு, 12 பல் நாட்டுப் பூண்டைப் பொடியாக நறுக்கிப் போட்டேன். சிறு தீயில். பூண்டு சிவந்தால் கசந்துவிடும், அதனால் வாசம் வந்ததும் கறியைத் திரும்பப் போட்டு, பாஸ்தாத் தண்ணீர் ஊற்றினேன். அடுப்பை இன்னும் குறைத்தேன். 25 சதவீதக் கொழுப்புள்ள கிரீம் கொதித்தால் திரியும் என்று உங்கள் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது, ஐயா. நான் எழுத்துக் கூட்டிப் படித்துச் செய்தவன். எலுமிச்சை சேர்க்கவில்லை, தக்காளி சேர்க்கவில்லை, வினிகர் வீட்டிலேயே கிடையாது.

பாக்கெட் மூலையை வெட்டிச் சாய்த்தேன். தண்ணீர் தனியாக, கட்டி தனியாக விழுந்தது. அடுத்த நொடியே புளித்த வாடை. என்ன ஏது என்று கையை நிறுத்துவதற்குள் பாதி பாக்கெட் வாணலிக்குள் போய்விட்டது. கறி போச்சு. பூண்டு போச்சு. வெண்ணெய் போச்சு. இரண்டாவது பாக்கெட்டை எடுத்துப் பார்த்தால், அது பலூன் மாதிரி உப்பியிருந்தது.

பாக்கெட்டில் போட்டிருந்த காலாவதித் தேதிக்கு இன்னும் நான்கு மாதம் பாக்கி இருந்தது!

நான் ஒரு தனியார் பள்ளியில் ஆய்வக உதவியாளர். அடுப்பே காணாத மீதிக் கிரீமைக் கிண்ணத்தில் ஊற்றி நீல லிட்மஸ் தாளை வைத்தேன், பளிச்சென்று சிவந்தது. அமிலம், அதாவது புளிப்பு, இருந்தால் அந்தத் தாள் சிவக்கும். பக்கத்தில் பசும்பாலில் வைத்த தாள் பெரிதாக மாறவில்லை. இரண்டையும் ஒரே படத்தில் எடுத்து அன்று ராத்திரியே உங்களுக்கு அனுப்பினேன். நான் கொதிக்க வைத்ததால் திரிந்தது என்றால், கிண்ணத்தில் இருந்தது எப்படித் திரிந்தது? உப்பிய பாக்கெட்டை நானா ஊதினேன்? உள்ளே கிருமி வளர்ந்து வாயு சேர்ந்தால்தான் பாக்கெட் உப்பும். 135 டிகிரி வரை சூடாக்கிக் காற்றுப் புகாமல் அடைக்கிறோம், அதனால் பிரிக்கும் வரை வெளியில் வைக்கலாம் என்று சொல்லித்தானே விற்கிறீர்கள்?

இதைக் கேட்டால் ஒருவர் "ஃப்ரிட்ஜ்ல வெச்சீங்களா சார், வெக்காததாலதான்" என்கிறார். இரண்டு நாள் கழித்து இன்னொருவர் "ஃப்ரிட்ஜ்ல வெச்சிருப்பீங்க சார், அதான் கட்டியாயிருக்கு" என்கிறார். மூன்றாமவர் கூரியர்காரர்களைக் கேட்கச் சொல்கிறார். கூரியரில் கேட்டால், வந்த அன்றே டெலிவரி செய்துவிட்டோம், கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார்கள். நான் யாரைத்தான் கேட்பது?

இப்போது ஃபோனில் என்னிடம் பேசிய உங்கள் பெண் அலுவலர் ஒருவரின் விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் 17, மாலை. அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று உங்கள் இயந்திரமே சொன்னது, அதனால் நீங்களே கேட்டுப் பார்க்கலாம். நான் முழுவதும் சொல்லி முடித்தேன். அவர் கேட்டார்: "வீட்ல லேடிஸ் யாராச்சும் இருந்தா ஃபோனைக் குடுங்க சார், அவங்களுக்குத்தான் புரியும்." சமைத்தது நான்தான் அம்மா என்றேன். ஒரு சிரிப்பு. அப்புறம், "தருமபுரியா சார்? அங்கெல்லாம் இத சாப்பிடுவாங்களா? குழம்பு மாதிரி கொதிக்க விட்டிருப்பீங்க."

இந்த வார்த்தையை என்னால் மறக்க முடியவில்லை, ஐயா. ராத்திரி படுத்தாலும் அந்தச் சிரிப்புதான் காதில் கேட்கிறது. தருமபுரிக்காரன் பாஸ்தா சாப்பிடக் கூடாதா? சாப்பிட மாட்டோம் என்றால் எங்கள் ஊருக்கு எதற்கு டெலிவரி செய்கிறீர்கள்? 649 ரூபாய் வாங்கும்போது மட்டும் ஊர் பெயர் இனித்ததா? என் மகளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து டிபன் பாக்ஸ் கட்டியது இந்தக் கை. ஆம்பளை சமைத்தால் கம்பெனியின் கிரீம் தானாகக் கெட்டுவிடுமா? நான் அவர் வேலையைப் பறிக்கச் சொல்லவில்லை. அவரும் எங்கோ ஒரு வீட்டில் பிள்ளைதான். ஆனால் அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இது இந்தக் கடிதத்தில் பணத்தைவிடப் பெரிய கோரிக்கை.

ஓசூர் விஷயத்தை விட்டுவிட்டேன். ஜூன் 19 அன்று ஒருவர் மரியாதையாகவே பேசினார். கெட்ட பொருளை நேரில் ஒப்படைத்தால் உடனே பணம் திரும்பும் என்று சொல்லி, ஓசூர் சிப்காட்டில் ஒரு முகவரி கொடுத்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை. சம்பளப் பிடித்தத்தோடு விடுப்பு போட்டேன். மீதிக் கிரீமை எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி, சுற்றிலும் ஐஸ் வைத்துப் பையில் போட்டுக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து ஓசூருக்கு இன்னொரு பஸ். சூளகிரி தாண்டுவதற்குள் ஐஸ் கரைந்து டப்பா வழிய ஆரம்பித்துவிட்டது. பக்கத்து சீட்டில் கைக்குழந்தையோடு இருந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து வேறு இடம் பார்த்துப் போனார். அவர் மேல் தப்பில்லை. நான் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன்.

ஏறக்குறைய 100 கிலோமீட்டர் போய், ஆட்டோ பிடித்து, வெயிலில் கேட் கேட்டாக விசாரித்து அந்த முகவரியைக் கண்டுபிடித்தால், அது உங்கள் சோப்புக் கிடங்கு. "இங்க சோப்பும் ஷாம்புவும்தான் சார் வரும், சாப்பாட்டுச் சாமான் எதுவும் கிடையாது" என்றார் வாட்ச்மேன். என்னைப் பார்த்துப் பாவப்பட்டு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார். உங்கள் நிறுவனத்தில் இந்த ஒரு மாதத்தில் என்னை மனிதனாக நடத்தியவர் அவர் ஒருவர்தான். அங்கிருந்தே உங்கள் எண்ணுக்கு அழைத்தேன். 22 நிமிடம் இசை கேட்டேன். "அது பழைய அட்ரஸ் சார், சாரி சார்" என்று வைத்துவிட்டார்கள். நான் வீடு திரும்பும்போது ராத்திரி மணி எட்டு. வாசலில் செருப்பைக் கழற்றும்போது குறுஞ்செய்தி வருகிறது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. அதோடு 50 ரூபாய்க் கூப்பன், 499 ரூபாய்க்கு மேல் வாங்கினால் மட்டும் செல்லும். எதைத் தீர்த்தீர்கள்?

இழப்பு என்ன என்று உங்கள் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எண் மட்டும்தான் போட முடிகிறது. அந்தச் சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு நான் வாணலியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஓடிப்போய்ப் பரோட்டாவும் சால்னாவும் வாங்கி வந்தேன். "பரவால்லப்பா, விடுங்க" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள் என் பிள்ளை. ஒன்றரை பரோட்டாவோடு எழுந்துவிட்டாள். ஷிஃப்ட் முடிந்து பசியோடு வந்த என் மனைவி மோர்சாதம் சாப்பிட்டுப் படுத்தார். பதினெட்டு வருடம் வீட்டில் வளர்ந்த பெண், கிளம்பும் முந்தின ராத்திரி ஒரே ஒரு ஆசை சொன்னாள். அது இனிமேல் எனக்குத் திரும்பி வராது. கோடி ரூபாய் கொடுத்தாலும் உங்களால் அதை ஈடுகட்ட முடியாது. அந்தப் பாக்கெட் என் வாழ்க்கையின் முக்கியமான ஒரு இரவையே அழித்துவிட்டது என்று நான் சொல்வது உங்களுக்கு மிகையாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை.

சரி. இப்போது நான் கேட்பது: பெட்டியின் விலை 649 ரூபாய், கறி, பஸ், ஆட்டோ, ஒரு நாள் சம்பளம் எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய், மன உளைச்சலுக்கு 50,000 ரூபாய். அந்தப் பெண் அலுவலரின் மன்னிப்பு, எழுத்தில். அப்புறம் மிக முக்கியமாக, அந்தப் பாக்கெட்டின் தொகுதி (பேட்ச்) எண்ணில் வெளியே போன கிரீம் முழுவதையும் சோதித்து, கெட்டிருந்தால் கடைகளிலிருந்து திரும்ப எடுங்கள். நான் முகர்ந்து பார்த்துத் தப்பித்தேன். வாடை தெரியாமல் ஒரு குழந்தைக்கு யாராவது ஊட்டியிருந்தால்? இதை நான் கோபத்தில் எழுதவில்லை, பயத்தில் எழுதுகிறேன்.

நான் பொறுமையானவன். ஆனால் சட்டம் தெரியாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒரு மாதம் முடிந்து இரண்டு நாள் ஆகிறது. உங்கள் பாக்கெட்டில் உள்ள 14 இலக்க உரிம எண் என்னிடம் இருக்கிறது. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்க எனக்கு அரை நாள் போதும். 1915 என்ற எண்ணில் அழைத்துத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்ய அதுவும் வேண்டாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. நான் இரண்டு வருடம் காத்திருக்கப் போவதில்லை. இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 15 நாள்.

அப்படிச் செய்ய எனக்கு விருப்பமில்லை என்பதையும் சொல்கிறேன். உங்கள் பொருள் முதல் இரண்டு முறை அருமையாக இருந்தது. அந்த ருசிக்குத்தான் என் மகள் அதைக் கேட்டாள். நீங்கள் ஒழுங்காக விசாரித்துப் பதில் சொன்னால் நான் இதோடு நிறுத்திக்கொள்வேன். தயவுசெய்து அதற்கு இடம் கொடுங்கள்.

உப்பிய இரண்டாவது பாக்கெட்டை நான் பிரிக்கவில்லை. பிளாஸ்டிக் பையில் சுற்றி, தேதி எழுதி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். பரிசோதனைக்கு வேண்டுமென்றால் உங்கள் ஆள் தருமபுரிக்கு வந்து, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும். நான் இன்னொரு முறை ஓசூருக்கு எடுத்துக்கொண்டு வர மாட்டேன்.

என் எண் உங்கள் பதிவில் இருக்கிறது. பள்ளி நாட்களில் மாலை 6 மணிக்கு மேல் அழையுங்கள். ஃபோனை எடுப்பது நான்தான், வீட்டில் வேறு யாரையும் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: ஆர்டர் ரசீது நகல், கிரீம் மற்றும் லிட்மஸ் தாள் புகைப்படங்கள், உப்பிய பாக்கெட்டின் புகைப்படம், ஓசூர் போய்வந்த பஸ் டிக்கெட்டுகள் நான்கு, "தீர்க்கப்பட்டது" என்று வந்த குறுஞ்செய்திகள்.